கேட்டுத்தான் வரி போட வேண்டும்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஒருவர் வீட்டிலிருந்தபடியே பீட்சாவுக்கோ செருப்புக்கோ ஆர்டர் கொடுத்தால், பில்லின் அடியில் ஒரு சின்னக் கட்டணம் ஒட்டிக்கொண்டு வரும். 2022 ஜூலையில் இது தொடங்கியபோது 27 சென்ட். அந்த 27 சென்ட்டும் ஒரே கணக்குக்குப் போகவில்லை. 8.4, 6.9, 5.3, 3, 2.7, 0.7 என்று ஆறு கட்டணங்களாகப் பிரிந்து, சாலை, பாலம், மின்வாகனம், பொதுப் போக்குவரத்து, காற்று மாசு என்று வெவ்வேறு தலைப்புகளில் வரவு வைக்கப்பட்டது. முக்கால் சென்ட்கூட இல்லாத ஒரு தொகைக்குத் தனிப் பெயரும் தனிக் கணக்கும் எதற்கு?

காரணம் பெட்ரோல் பங்க்கில் இருக்கிறது. கொலராடோவின் பெட்ரோல் வரி 1991 முதல் கேலனுக்கு 22 சென்ட். விலைவாசி எங்கேயோ போய்விட்டது, வரி மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. அதை ஒரு சென்ட் ஏற்ற வேண்டுமென்றாலும் மாநிலம் முழுவதும் வாக்கெடுப்பு நடத்தி மக்களிடம் சம்மதம் வாங்க வேண்டும். ‘கட்டணம்’ என்றால் வாங்க வேண்டாம். ஆகவே வரியாக ஏற முடியாதது கட்டணமாக இறங்கி, ஆறாக உடைந்து, பீட்சாவோடு வாசலுக்கு வந்துவிட்டது.

வரியையும் கடனையும் உயர்த்துமுன் மக்களைக் கேட்க வேண்டும் என்ற விதி பல நாடுகளில் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. ஆனால் கொலராடோ அளவுக்கு அதை இறுக்கிக் கட்டிய இடம் அமெரிக்காவில் வேறில்லை. அங்கே இதன் பெயர் டேபர். ‘வரி செலுத்துவோர் உரிமை சாசனம்’ என்பதன் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்து வந்த பெயர். 1992 நவம்பரில் ஏறக்குறைய 54 சதவீத வாக்குகளோடு மாநில அரசியல் சட்டத்தின் பத்தாம் பிரிவில் ஏறியது. எழுதியவர் டக்ளஸ் புரூஸ். கலிபோர்னியாவிலிருந்து கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகருக்குக் குடியேறியவர், வழக்கறிஞர், வாடகை வீடுகளுக்குச் சொந்தக்காரர். 1988-லும் 1990-லும் தோற்று மூன்றாம் முறை வென்றார். அப்போதைய ஆளுநர் ராய் ரோமர் கடுமையாக எதிர்த்தும் பலிக்கவில்லை. இதே புரூஸ் பின்னாளில் மாநில வரி ஏய்ப்பு வழக்கில் தண்டிக்கப்பட்டு 2012-இல் சிறை சென்றார் என்பதைச் சொல்லாமல் விட எந்தப் பத்திரிகைக்காரருக்கும் மனம் வராது. அதனால் சட்டத்தின் நன்மை தீமை மாறிவிடப் போவதில்லை.

விதியின் வேர் டேபருக்கு மிகவும் முந்தியது, அது வரியில் அல்ல, கடனில் தொடங்கியது. 1830-களில் அமெரிக்க மாநிலங்கள் கால்வாய், ரயில், வங்கி என்று கடன் வாங்கிக் குவித்தன. 1837-இல் பொருளாதாரம் சரிந்தது. 1840-களின் தொடக்கத்தில் எட்டு மாநிலங்கள் கடன் தவணை கட்ட முடியாமல் கைவிரித்தன. அந்தச் சூட்டில்தான் ‘இனி மக்களைக் கேட்காமல் பெரிய கடன் வாங்காதே’ என்ற விதி மாநில அரசியல் சட்டங்களில் நுழைந்தது. நியூயார்க் 1846-இல் எழுதிய புதிய அரசியல் சட்டம் அவற்றில் முக்கியமானது.

அந்த நியூயார்க்கே அதைச் சுற்றிப் போகும் வழியையும் காட்டியது. 1950-களில் குடியிருப்புத் திட்டங்களுக்கான கடனை வாக்காளர்கள் நிராகரித்துக்கொண்டிருந்தார்கள். ஆளுநர் நெல்சன் ராக்ஃபெல்லர் காலத்தில், 1960-இல், கடன் பத்திரச் சட்டத்தில் கைதேர்ந்த ஜான் மிட்செல் ஒரு யுக்தி சொன்னார். மாநிலம் கடன் வாங்க வேண்டாம், தனி வாரியம் ஒன்று வாங்கட்டும். அது தடுமாறினால் மாநிலம் கைகொடுக்கும் என்பது சட்டக் கடமையாக இருக்காது, ‘தார்மீகக் கடமை’யாக இருக்கும். சட்டக் கடமை இல்லையென்றால் அது மாநிலத்தின் கடனே இல்லை, வாக்கெடுப்பும் வேண்டாம். இந்த வழியில் கடன் வாங்கிய நகர்ப்புற வளர்ச்சிக் கழகம் 1975-இல் தவணை தவறியது. (மிட்செல் அதற்குள் அதிபர் நிக்சனின் அட்டர்னி ஜெனரலாகி, வாட்டர்கேட் ஊழலில் மாட்டிக்கொண்டிருந்தார்.) மக்களிடம் கேட்கச் சொன்னால் அரசு முதலில் தேடுவது, கேட்காமல் இருக்க வழி உண்டா என்பதைத்தான்.

டேபருக்குள் இரண்டு வெவ்வேறு விதிகள் இருக்கின்றன. பொது விவாதத்தில் இரண்டும் குழம்பிவிடுகின்றன. ஒன்று, புதிய வரி, வரி விகித உயர்வு, பல்லாண்டுக் கடன் இவற்றுக்கு முன்கூட்டியே வாக்காளர் சம்மதம் வேண்டும் என்பது. இன்னொன்று, வரியைத் தொடாமலேயே வருவாய் கூடினாலும், பணவீக்கமும் மக்கள்தொகைப் பெருக்கமும் சேர்ந்த அளவுக்கு மேல் அரசு வைத்துக்கொள்ளக் கூடாது, மிஞ்சியதை மக்களுக்குத் திருப்பித் தர வேண்டும் என்பது. முதலாவது ஒரு கேள்வி. இரண்டாவது ஒரு சூத்திரம். கொலராடோவின் தலைவலிகளில் பெரும்பங்கு சூத்திரத்திலிருந்து வந்தது என்பது என் கணிப்பு. ஆனால் பழியோ புகழோ எல்லாம் கேள்வியின் தலையில் விழுகிறது.

சூத்திரம் செய்த வேலையைப் பாருங்கள். 1997 முதல் 2001 வரை மாநிலம் சுமார் 320 கோடி டாலரைத் திருப்பிக் கொடுத்தது. பிறகு மந்தம் வந்தது, வருவாய் விழுந்தது. அடுத்த ஆண்டின் உச்சவரம்பு முந்தைய ஆண்டின் உண்மை வருவாயை வைத்துக் கணக்கிடப்படுவதால் உச்சவரம்பும் கூடவே விழுந்தது. பொருளாதாரம் மீண்டபோது வருவாய் ஏறலாம், செலவு ஏறக் கூடாது. ஒருமுறை கீழே இறங்கினால் பழைய படிக்குத் திரும்ப முடியாத பொறி. 2005-இல், டேபரை ஆதரித்து வந்த குடியரசுக் கட்சி ஆளுநர் பில் ஓவன்ஸே முன்னின்று, ஐந்தாண்டுகளுக்கு உச்சவரம்பைத் தளர்த்தவும் அந்தப் பொறியை நிரந்தரமாகக் கழற்றவும் மக்களைக் கேட்டார். 52 சதவீதம் பேர் சரி என்றார்கள். அதே நாளில், அதே சீட்டில், அதன் தங்கையாக வைக்கப்பட்ட 200 கோடி டாலருக்கு மேற்பட்ட கடன் கேள்விக்கு வேண்டாம் என்றார்கள்.

இப்படிப் பிரித்துப் பார்த்து விடை சொல்வது கொலராடோ வாக்காளர்களுக்குப் பழக்கமாகிவிட்டது. ‘மக்களைக் கேட்டால் எந்த வரிக்கும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்’ என்பவர்களும் சரி, ‘விளக்கிச் சொன்னால் ஒத்துக்கொள்வார்கள்’ என்பவர்களும் சரி, முழுப் பட்டியலைப் பார்ப்பதில்லை. 2013-இல் பள்ளிகளுக்காக வருமான வரியை உயர்த்தி ஆண்டுக்கு 95 கோடி டாலர் திரட்டும் கேள்வி, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு எதிர்ப்போடு தோற்றது. அன்றே கஞ்சா விற்பனைக்கு வரி போடும் கேள்வி ஏறத்தாழ அதே விகிதத்தில் வென்றது. புகையிலை வரி வென்றது. 2019-இல் விளையாட்டுப் பந்தயத்துக்கான வரி மயிரிழையில் வென்றது. 2022-இல் ஆண்டு வருமானம் 3 லட்சம் டாலருக்கு மேல் உள்ளவர்களின் வரிக் கழிவைக் குறைத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச உணவு கொடுக்கும் கேள்வி வென்றது. அதே சீட்டில் எல்லோருடைய வருமான வரி விகிதத்தையும் 4.55-இலிருந்து 4.40 சதவீதமாகக் குறைக்கும் கேள்வியும் வென்றது. புகைப்பவர், பந்தயம் கட்டுபவர், பணக்காரர், இவர்களில் யாராவது கட்டுவார்கள் என்றால் ஆகட்டும். நாம் எல்லோரும் கட்ட வேண்டும் என்றால் வேண்டாம். மாநில அளவில் இதுதான் போக்கு.

இதில் வாக்குச்சீட்டின் மொழிக்கும் பங்கு உண்டு. கேள்வி எந்தச் சொற்களில் தொடங்க வேண்டும் என்றே டேபர் விதித்திருக்கிறது. ‘மாநில வரிகள் ஆண்டுக்கு இத்தனை டாலர் உயர்த்தப்படலாமா’ என்று பெரிய எழுத்தில் தொகை முதலில் வர வேண்டும், எதற்காக என்பது பிறகு. கடனென்றால் அசலை மட்டும் சொன்னால் போதாது, வட்டியோடு அதிகபட்சம் எவ்வளவு கட்ட நேரிடும் என்பதையும் முதல் வரியிலேயே சொல்ல வேண்டும். 1999-இல் நெடுஞ்சாலைகளுக்காகக் கேட்கப்பட்டது 170 கோடி டாலர் கடன். கூடவே 230 கோடி என்ற திருப்பிக் கட்டும் தொகையும் நின்றது. மக்கள் இரண்டையும் படித்துவிட்டுச் சம்மதித்தார்கள். கடன் வாங்கும்போது மொத்தத் திருப்பு தொகையைச் சொல்லச் சொல்வது எனக்குத் தவறாகவே தெரியவில்லை. நகைக்கடனுக்குக்கூட அதைத்தானே கேட்கிறோம். ஆனால் தொகையை முன்னால் வைக்கச் சொன்ன சட்டம், வேண்டாம் என்றால் எது நின்றுபோகும் என்பதை வைக்கச் சொல்லவில்லை. மறுபக்கம், 2019-இல் உச்சவரம்பை நிரந்தரமாக நீக்கச் சட்டமன்றம் வைத்த கேள்வி ‘வரிகளை உயர்த்தாமல்’ என்றே தொடங்கியது. அதையும் மக்கள் தோற்கடித்தார்கள். சொல் சாமர்த்தியத்துக்கும் எல்லை உண்டு.

கஞ்சா வரிக்கு நேர்ந்த கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 2013-இல் மக்கள் ஒப்புதலோடு வந்த வரி அது. புதிய வரி கேட்கும்போது, அந்த வரி எவ்வளவு தரும், மாநிலத்தின் மொத்தச் செலவு எவ்வளவு இருக்கும் என்ற இரு மதிப்பீடுகளையும் அறிவிப்பில் தர வேண்டும் என்கிறது டேபர். எதைத் தாண்டினாலும் பணம் திரும்ப வேண்டும். கஞ்சா வரி மதிப்பிட்டதை ஒட்டியே, சுமார் 6.6 கோடி டாலர் வந்தது. ஆனால் பொருளாதாரம் செழித்ததால் கஞ்சாவுக்குத் தொடர்பே இல்லாத மற்ற வருவாய் கூடிப்போய், மொத்தம் மதிப்பீட்டைத் தாண்டிவிட்டது. விளைவு, மக்கள் வாக்களித்துப் போட்ட வரியை அரசு வைத்துக்கொள்ளலாமா என்று 2015-இல் அதே மக்களிடம் மறுபடி கேட்க வேண்டியதாயிற்று. கிட்டத்தட்ட 69 சதவீதம் பேர் ‘வைத்துக்கொள்’ என்றார்கள். பள்ளிக் கட்டடங்களுக்கு 4 கோடி போயிற்று. கேள்வி கேட்பது மக்களாட்சி. பதில் தெரிந்த கேள்வியை, ஒரு கணக்குப் பிசகுக்காக, செலவு செய்து திரும்பக் கேட்பது வேறு ஏதோ.

கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரம் புரூஸின் ஊர். மாநிலத்துக்கு ஓராண்டு முன்பே, 1991-இல், இதே மாதிரி விதியைத் தனக்குப் போட்டுக்கொண்டது. 2009-இல் நகராட்சி சொத்து வரி உயர்வு கேட்டது. தோற்றது. 2010 தொடக்கத்தில் தெருவிளக்குகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அணைக்கப்பட்டன. பூங்காக்களுக்குத் தண்ணீர் பாய்ச்சுவது நின்றது. குப்பைத் தொட்டிகளை எடுத்துவிட்டு, வருபவர்கள் தங்கள் குப்பையைத் தாங்களே கொண்டுபோகும்படி சொன்னார்கள். போலீஸ் ஹெலிகாப்டர்களை விற்பனைக்கு வைத்தார்கள். உங்கள் தெரு விளக்கு எரிய வேண்டுமானால் பணம் கட்டி நீங்களே அதைத் ‘தத்து’ எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். மின்சாரம் இல்லாத விளக்குகளிலிருந்து செம்புக் கம்பியைத் திருடர்கள் உருவிக்கொண்டு போக, அதைச் சரிசெய்ய ஆன செலவு மிச்சம் பிடித்ததைத் தாண்டியதாகப் பின்னர் செய்திகள் வந்தன.

மழைநீர்க் கதை இன்னும் சுவையானது. 2005-இல் நகர்மன்றம் வாக்கெடுப்பு இல்லாமல் மழைநீர் வடிகாலுக்கென ஒரு தனி நிறுவனம் அமைத்து, பின்னர் கட்டணம் வசூலிக்கத் தொடங்கியது. ‘மழை வரி’ என்று பெயர் சூட்டிப் புரூஸ் கிளர்ச்சி செய்தார். 2009 தேர்தலில் அவருடைய முன்மொழிவு வென்றது, கட்டணம் கைவிடப்பட்டது. வடிகால் கவனிப்பாரற்றுப் போயிற்று. நகரின் கழிவோடும் வண்டலோடும் ஃபவுன்டன் ஓடையில் பாய்ந்த வெள்ளம், கீழே இருக்கும் பியூப்லோ நகரத்தின் பாடாக முடிந்தது. 2016-இல் மத்திய சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வழக்குத் தொடுத்தது. 2017-இல் மேயர் ஜான் சதர்ஸ், வீட்டுக்கு மாதம் 5 டாலர் வடிகால் கட்டணம் போடலாமா என்று இம்முறை மக்களைக் கேட்டார். ஆகட்டும் என்றார்கள். அதற்கு இரண்டாண்டு முன்பே, சாலைகளுக்காக மட்டும், ஐந்தாண்டுக்கு மட்டும் என்று விற்பனை வரியில் 0.62 சதவீத உயர்வு கேட்டு ஏறத்தாழ 65 சதவீத ஆதரவு பெற்றிருந்தார். கேட்காமல் போட்ட கட்டணத்தைப் பிடுங்கி எறிந்த ஊர், கேட்டுப் போட்டதை ஏற்றுக்கொண்டது. இடையில் கெட்டுப்போன ஆண்டுகளும் பியூப்லோக்காரர்கள் பட்டதும் யார் கணக்கில் சேரும்? பியூப்லோவுக்கு அந்த வாக்கெடுப்புகளில் ஓட்டு இல்லை.

உள்ளூர்களில் பொதுவாகவே இதுதான் நிலை. நகராட்சிகளில் பெரும்பாலானவையும் பள்ளி மாவட்டங்களில் ஏறக்குறைய அனைத்தும் வாக்கெடுப்பு நடத்தி, மிஞ்சும் வருவாயைத் தாங்களே வைத்துக்கொள்ள அனுமதி வாங்கிவிட்டன. இதற்கு அங்கே ‘டி-புரூசிங்’ என்று பெயர். புரூஸை இறக்கி வைப்பது. குழிவிழுந்த சாலை கண்ணெதிரே இருக்கிறது, கேட்பவரையும் தெரியும், எத்தனை ஆண்டு என்பதும் சொல்லப்படுகிறது. மாநிலத் தலைநகர் டென்வரின் தலைமைச் செயலகத்துக்கு அந்த வசதி இல்லை.

ஒவ்வொரு கேள்வியும் தனியாக வருவதுதான் உண்மையான சிக்கல் என்று நினைக்கிறேன். 1982-இல் கொலராடோ மக்கள் கேலகர் திருத்தம் என்ற ஒன்றை நிறைவேற்றினார்கள். வீடுகளின் மீது விழும் சொத்து வரிச் சுமை மொத்தத்தில் சுமார் 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது அதன் சாரம். 1992-இல் டேபர். 2000-இல் இருபத்து மூன்றாம் திருத்தம், பள்ளிச் செலவு முதல் பத்தாண்டுக்கு ஆண்டுதோறும் பணவீக்கத்துக்கு மேல் ஒரு சதவீதம் கூடியே ஆக வேண்டும் என்றது. தனித்தனியே பார்த்தால் மூன்றும் நியாயம். வீட்டுக்காரனைக் காப்பாற்று, கேட்காமல் வரி போடாதே, பள்ளிக்கூடத்தைக் கைவிடாதே. மூன்றையும் சேர்த்துக் கட்டியபோது ஒன்றையொன்று நெரித்தன. டென்வர்ப் பக்கம் வீட்டு விலை ஏற ஏற, 45 சதவீதக் கணக்கைக் காக்க, வரிக்கு உட்படும் வீட்டு மதிப்பின் பங்கை மாநிலம் முழுவதும் குறைக்க வேண்டியிருந்தது. தொடக்கத்தில் 21 சதவீதமாக இருந்த அது 2019-இல் 7.15 ஆயிற்று. விலையே ஏறாத கிராமப்புறங்களிலும் அதே வெட்டு. அங்குள்ள தீயணைப்பு மாவட்டங்களும் சிறு மருத்துவமனைகளும் வருவாய் இழந்தன. டேபர் இருந்ததால், குறைந்த பங்கை மீண்டும் உயர்த்துவதென்றால் அதற்கும் வாக்கெடுப்பு. 2020-இல் கேலகர் திருத்தத்தை மக்களே நீக்கினார்கள். மூன்று ஆண்டுக்குள் வீட்டு மதிப்பீடுகள் தாவிக் குதித்து, சொத்து வரிக்காகச் சட்டமன்றம் சிறப்புக் கூட்டம் போட வேண்டி வந்தது. முழு வரவு செலவையும் ஒரு பக்கத்தில் வைத்து, இதைக் கூட்டினால் அது குறையும் என்று யாரும் மக்களிடம் காட்டியதே இல்லை. துண்டு துண்டாகக் கேட்டுவிட்டு, பதில்கள் ஒட்டவில்லையே என்று மக்களைக் குறை சொல்வது அழகல்ல.

இதற்கிடையே அரசு பிழைத்துக்கொண்ட விதம் தனி அத்தியாயம். பத்து சதவீதத்துக்குக் குறைவாக மாநில, உள்ளாட்சி மானியம் பெறும், சொந்தமாகக் கடன் பத்திரம் வெளியிடத் தகுதியுள்ள அரசுத் தொழில் நிறுவனங்களை டேபர் விலக்கி வைத்திருக்கிறது. 2004-இல் பல்கலைக்கழகங்கள் அந்தக் கதவு வழியாக வெளியேறின. மாநிலம் பல்கலைக்கழகத்துக்குப் பணம் கொடுக்காமல் மாணவருக்கு உதவித்தொகையாகக் கொடுத்தது, மாணவர் அதைக் கல்விக் கட்டணமாகக் கட்டினார். அதே பணம், அதே கல்லூரி, ஆனால் மானியம் இல்லை. 2017-இல் மருத்துவமனைக் கட்டணமும் இப்படியே வெளியே போனது. அதே சட்டம், அரசுக் கட்டடங்களைக் குத்தகைக்கு விட்டுத் திரும்பக் குத்தகைக்கு எடுப்பதன் மூலம் 200 கோடி டாலர் வரை திரட்டவும் வழி செய்தது. குத்தகை ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படுவதால் அது பல்லாண்டுக் கடன் ஆகாது, கேட்க வேண்டாம். 2020-இல் மக்கள் இப்படி நிறுவனங்கள் வழியாக வெளியேறுவதைக் கவனித்து, முதல் ஐந்தாண்டில் 10 கோடி டாலருக்கு மேல் கட்டணம் திரட்டும் புதிய நிறுவனத்துக்கு வாக்கெடுப்பு வேண்டும் என்றார்கள். அடுத்த ஆண்டே 27 சென்ட்டை ஆறாக உடைத்த சட்டம் வந்தது. உடைத்ததே இந்த வரம்புக்குக் கீழே நிற்பதற்காகத்தான் என்று எதிர்ப்பாளர்கள் சொல்கிறார்கள். மறுப்பது கடினம்.

அப்படியானால் முப்பதாண்டில் அரசு சுருங்கியதா? பால் எலியாசன், பைரன் லட்ஸ் என்ற இரு பொருளியலாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் கேட்டது. டேபர் இல்லாத மற்ற மாநிலங்களின் கலவையிலிருந்து ஒரு ‘நிழல் கொலராடோ’வைக் கட்டி, உண்மைக் கொலராடோவோடு ஒப்பிட்டார்கள். மாநிலத்தின் வரியளவிலோ செலவளவிலோ டேபரின் விளைவு என்று சொல்லத்தக்க எதுவும் தென்படவில்லை. ஆதரவாளர்களுக்கும் எதிர்ப்பாளர்களுக்கும் ஒருசேரக் கசக்கும் முடிவு. பணம் எந்த வாசல் வழியாக வருகிறது, யார் தருகிறார்கள் என்பது மாறியிருக்கிறது, அதை மேலே பார்த்தோம்.

சுவிட்சர்லாந்தில் விடை வேறு. பெரிய செலவுத் திட்டங்களைக் கட்டாயம் வாக்கெடுப்புக்கு விடும் கேன்டன்களில் (அங்குள்ள மாநிலங்களில்), நடுத்தரக் கேன்டனுக்கு அரசுச் செலவு சுமார் 19 சதவீதம் குறைவு என்று லார்ஸ் ஃபெல்டும் ஜான் மட்சுசாக்காவும் 2003-இல் கண்டார்கள். அங்கே கேட்பது திட்டத்தைத்தான். 2018 மார்ச்சில், மத்திய அரசு வருமான வரியும் மதிப்புக் கூட்டு வரியும் வசூலிக்கும் அதிகாரத்தையே 2035 வரை நீட்டிக்கலாமா என்று கேட்டபோது 84 சதவீதம் பேர் சரி என்றார்கள். 2022 செப்டம்பரில் முதியோர் ஓய்வூதியத்துக்காக மதிப்புக் கூட்டு வரியை 7.7-இலிருந்து 8.1 சதவீதமாக உயர்த்துவது ஒரு கேள்வி. பெண்களின் ஓய்வு வயதை 65 ஆக்குவது இன்னொரு கேள்வி. ஒன்று தோற்றால் மற்றதும் செல்லாது என்று இரண்டையும் சட்டத்திலேயே முடிச்சுப் போட்டிருந்தார்கள். முதலாவது 55 சதவீதத்திலும் இரண்டாவது 50.6 சதவீதத்திலும் தப்பிப் பிழைத்தன. கொலராடோவின் மூன்று திருத்தங்களுக்கும் இடையே அப்படி ஒரு முடிச்சு இருந்ததில்லை.

டேபரை மற்ற மாநிலங்களுக்குக் கொண்டுபோகும் முயற்சிகள் நடந்தன. மெய்ன் இருமுறை நிராகரித்தது. ஒரிகன், நெப்ராஸ்கா, வாஷிங்டன், ஃபுளோரிடா மாநிலங்களும் ஏற்கவில்லை. கொலராடோவில் அதை எடுத்துவிடுவது சட்டப்படி இப்போது எளிது. ஒரு வாக்கெடுப்பில் ஒரே பொருள்தான் இருக்க வேண்டும் என்ற விதி 1994-இல் வந்ததால், பல விஷயங்களை ஒன்றாகக் கட்டிய டேபரை முழுதாக ஒரே கேள்வியில் நீக்க முடியாது என்று வெகுகாலம் கருதப்பட்டது. 2019-இல் மாநில உச்ச நீதிமன்றம் நீக்கலாம் என்று சொல்லிவிட்டது. அரசியல் சட்டத்தில் புதிதாக ஒன்றைச் சேர்க்க 55 சதவீதம் வேண்டும், இருப்பதை எடுக்கச் சாதாரணப் பெரும்பான்மை போதும். இருந்தும் 2024 தேர்தல் வரை அந்தக் கேள்வியை யாரும் சீட்டில் ஏற்றவில்லை. மிஞ்சிய வருவாயைத் திருப்பும் டேபர் விதியால் 2022-இல் ஆளுக்கு 750 டாலர் காசோலை வீட்டுக்கு வந்தது, மறு ஆண்டுக்கான வரிக் கணக்கில் 800 டாலர் வந்தது. டேபரைக் குறைகூறும் அரசியல்வாதிகள்கூட அந்தக் காசோலைகளைக் கையில் வைத்துக்கொண்டுதான் வாக்குக் கேட்கப் போக வேண்டியிருந்தது.